94வி-0 என்றொரு மாடல் கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். மூன்றாம் ஆண்டு. எலக்ட்ரானிக்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிமோட்டுக்கு பேட்டரி போடுவது வரைதான். அப்படிப்பட்டவன் லீவு முழுக்க மல்டிமீட்டரும் கையுமாக அலைந்த கதை இது. பொறுமை உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

மதுரையில் என் தாய்மாமா 25 வருடத்துக்கு மேல் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பிக்சர் டியூப் டிவி போனதோடு பாதி வியாபாரம் போனது. மீதி, போன தீபாவளிக்கு முன்னால் அவருக்கு வந்த பக்கவாதத்தோடு போனது. வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. கடையைக் காலி செய்து சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு சாக்கு நிறைய பழைய போர்டுகள். பழைய இரும்புக் கடைக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மொத்தமாக 1,800 ரூபாய் என்றார். அத்தை தலையை ஆட்டிவிட்டார். மாமா மட்டும், "உள்ள நல்ல போர்டு கெடக்கு" என்றார். கை வராத மனுஷன் எப்படிப் பிரிப்பார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டியாக இருந்தவன் நான் ஒருவன்தானே!

எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், மாடல், நிலைமை, மதிப்பு என்று நான்கு பத்தி. இரண்டு நாளில் 43 போர்டையும் பதிவு செய்துவிட்டேன். அதில் 19 போர்டு ஒரே மாடல். பெருமையாகப் போய், "மாமா, இந்த 94வி-0 மாடல்தான் உங்ககிட்ட நிறைய இருக்கு" என்றேன்.

மாமா நோயில் விழுந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

விஷயம் இதுதான். 94வி-0 என்பது அந்த அட்டையின் தீப்பிடிக்கும் குணத்துக்கான தர அளவு. தீ வைத்து எடுத்தால் பத்து விநாடிக்குள் தானாக அணைந்துவிட வேண்டும் என்பது அதன் அர்த்தம். டிவி போர்டிலும் இருக்கும், வாஷிங் மெஷின் போர்டிலும் இருக்கும். அதை மாடல் என்று எழுதுவது, எல்லா சட்டையிலும் '100% காட்டன்' என்று பார்த்துவிட்டு எல்லாம் ஒரே கடைச் சட்டை என்று சொல்வது மாதிரி.

அதோடு விட்டேனா? ஐசி மேல் 0432 என்று இருந்ததை ஐசி நம்பர் என்று எழுதி வைத்திருந்தேன். பல ஐசிகளில் அப்படி வரும் நான்கு இலக்கம் தயாரித்த தேதி. 2004-ஆம் வருடம், 32-ஆவது வாரம். சின்ன கண்டன்சரில் இருந்த 104-ஐ நூற்று நான்கு என்று எழுதியிருந்தேன். 10-க்குப் பின்னால் 4 சைபர், ஒரு லட்சம் பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். சைபரை இப்படி விழுங்கினால் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் வெளியே நிற்க வைப்பார்.

நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மாமா நாற்காலியில், நான் தரையில். "மாடலை விடு மாப்ள. கரண்ட் எங்க உள்ள வருது, எங்க வெளிய போவுது, அத மொதல்ல பாரு" என்றார். இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் போர்டு என்பது ஏதோ ஊர் வரைபடம் மாதிரி புரிய ஆரம்பித்தது. ஃபியூஸ், அதற்குப் பக்கத்தில் நான்கு டயோடு, ஒரு குண்டு கண்டன்சர் 400 வோல்ட் என்று போட்டு இருந்தால் அது மெயின் கரண்ட் நேராக வரும் பக்கம். அட்டையைத் திருப்பினால் நடுவில் செம்பே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை ஓடும். அதைத் தாண்டி நிற்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரும், நான்கு கால் ஆப்டோகப்ளரும்தான். அந்தப் பக்கம் கை வைத்தால் ஆளைத் தூக்கும். இந்தப் பக்கம்தான் 5 வோல்ட், 12 வோல்ட்.

அப்புறம் கண்ணும் மூக்கும். தலை உப்பின கண்டன்சர், கருகின ரெசிஸ்டர், கால் அடியில் வட்டமாக விரிசல் விட்ட ஈயம். இதிலேயே பத்துப் பன்னிரண்டு போர்டின் கதை தெரிந்துவிட்டது. மூன்றாவதாகத்தான் மீட்டர். சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே பீப் அடித்துக்கொண்டே இருந்தால் ஷார்ட். ஒரு தடவை அடித்துவிட்டு நின்றால் கண்டன்சர் சார்ஜ் ஆகிறது, பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் பீப் அடிப்பது சகஜம். இது தெரியாமல் நான் மூன்று நல்ல போர்டுக்கு 'ஷார்ட்' என்று மரண சான்றிதழ் எழுதியிருந்தேன்.

கரண்ட் கொடுப்பது கடைசியில்தான், அதுவும் சீரிஸ் பல்பு வழியாக. 100 வாட் குண்டு பல்பு. (எல்இடி பல்பு இதற்கு உதவாது, நான் கேட்டுத் திட்டு வாங்கியாயிற்று.) பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் போர்டில் ஷார்ட். ஒரு மின்னல் வெட்டிவிட்டு அணைந்தால் மேலே பார்க்கலாம்.

ஒரு டிவி சப்ளை போர்டு அப்படித்தான் மின்னி அணைந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு வோல்ட்டும் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செத்த போர்டுதானே என்று கையில் எடுக்கப் போனேன். மாமா இடது கையால் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தார் பாருங்கள், சுள்ளென்று இருந்தது. "மீட்டர வை" என்றார். வைத்தேன். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் ஆகியும் குண்டு கண்டன்சரில் 290 வோல்ட். வேலை செய்கிற சப்ளை தன் கரண்டைத் தானே செலவழித்துவிடும். செத்தது அப்படியே பிடித்து வைத்திருக்குமாம். மாமா சொல்லச் சொல்ல, ஒயர் கோர்த்த இன்னொரு குண்டு பல்பை அதன் இரண்டு முனையிலும் வைத்து இறக்கினேன். கை நடுங்கியது இருவருக்கும். அவருக்கு வியாதி, எனக்கு வேறு.

கடைசி சாக்கின் அடியில் ஒரு 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டு. 14 கால் ஐசி, முதுகில் அலுமினியத் தகடு. 12 வோல்ட் போதும். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓட ஆரம்பிக்கும், மஞ்சளில் 12 வோல்ட் கிடைக்கும். ஸ்பீக்கரை மாட்டி, இன்புட்டில் விரலை வைத்தேன். உர்ர்ர்ர் என்று வீடே அதிர்ந்தது. நோட்டில் '250 ரூபாய்' என்று எழுதினேன். அடக்க விலை அல்லது விற்கக்கூடிய மதிப்பு, எது குறைவோ அது. எங்கள் பாடத்தில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

"அத எழுதாத. அது நம்மதில்ல" என்றார் மாமா.

திருப்பிப் பார்த்தேன். நூலில் கட்டிய ஒரு அட்டைத் துண்டு. மாமாவின் பழைய கையெழுத்தில், கை நன்றாக இருந்தபோது எழுதியது: 'டெய்லர், ஒத்தக்கடை. அட்வான்ஸ் 200.' கீழே ஒரு செல் நம்பர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் ஒப்படைவு என்று ஒரு பாடம் உண்டு. பழுது பார்க்கக் கொடுத்த பொருள்தான் அதற்கு எப்போதும் உதாரணம். பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன், கையில் அதையே வைத்துக்கொண்டு நம் சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டேன். 250 ரூபாய் வரவு இல்லை, 200 ரூபாய் கடன். மாமா அதை முடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் படுத்துவிட்டாராம். இத்தனை மாதமும் அவர் சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இதற்காகவும்தான் என்று அப்புறம் அத்தை சொன்னார்.

மொத்தக் கணக்கு: அதைச் சேர்க்காமல் ஓடுகிற போர்டு 11, பாகம் கழற்ற 9. இரண்டையும் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் 2,600-க்கு எடுத்துக்கொண்டார். மீதி 22, இரும்புக் கடைக்காரருக்கு 900. மாமாவின் ஒரு மாத மாத்திரைச் செலவு போக கொஞ்சம் மிஞ்சும்.

அட்டையில் இருந்த நம்பரை நான்கு தடவை அடித்தேன். உபயோகத்தில் இல்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போர்டையும் 200 ரூபாயையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதாக இருக்கிறேன். போர்டைக் கொடுத்தால் பாக்கிக் கூலி வாங்கலாம் என்றேன். கூலி வேண்டாம், தாமதத்துக்குச் சாக்கு சொல்லாமல் கொடுத்துவிட்டு வா என்றார் மாமா. ஒத்தக்கடையில் எத்தனை டெய்லர் இருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.