கையிலே என்ன கொடுப்பது?

விருந்தினர் வருகிறார் என்றால் என்ன சமைப்பது என்பதைப் பற்றி மூன்று நாள் முன்னதாகவே நாம் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறோம். யாருக்கு உறைப்பு ஆகாது, யாருக்குச் சீனி வியாதி, யார் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர் என்றெல்லாம் விசாரித்து அறிகிறோம். ஆனால், வந்தவர் கதிரையிலே அமர்ந்தவுடன் அவர் கையிலே என்ன கொடுப்பது என்பதை மட்டும் கடைசி நிமிடம்வரை நினைப்பதில்லை. பிள்ளையொன்றைக் கடைக்கு ஓட்டி, நிறமூட்டிய சோடா இரண்டு போத்தல் வாங்குவித்தால் அந்தக் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவள்தான். அந்த அலட்சியம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் வருத்தக்கூடும் என்பதை என் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொண்டேன்.

என் தமையனார் கொழும்பிலே முப்பது ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். குடிப்பழக்கம் அவரை அங்கேதான் பற்றியது. முதலில் சம்பள நாளிலே நண்பர்களோடு, பின்னர் நாள்தோறும், கடைசியிலே தனியே. 2017ஆம் ஆண்டின் இறுதியிலே ஈரல் பழுதுற்று வைத்தியசாலையிலே கிடந்தார். நெடுங்காலம் நாள்தவறாது குடித்தவர் வைத்தியரின் துணையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை செய்தார்கள். “இனிமேல் ஒரு துளியும் கூடாது” என்ற சொல்லோடு அவர் யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சொன்ன சொல்லைக் காத்தார். ஒரு நாட்காட்டியிலே ஒவ்வொரு நாளையும் பென்சிலால் வெட்டிக்கொண்டு வந்தார்.

2018ஆம் ஆண்டு ஆடி மாதம், கனடாவிலிருந்து எங்கள் உறவினர் சிலர் விடுமுறைக்கு வந்தனர். ஒருநாள் மாலை விறாந்தையிலே கூட்டம் கூடிற்று. ஆண்கள் சிலர் தாங்கள் கொண்டுவந்த விஸ்கியைக் கண்ணாடிக் கிண்ணங்களிலே ஊற்றிக்கொண்டனர். நான் பிள்ளைகளுக்குத் தோடம்பழச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணரும் குடிப்பதில்லையே என்று, அதே பிளாஸ்டிக் கோப்பையிலே, அதே சோடாவை ஊற்றி அவர் கையிலும் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு பேர் தள்ளி இருந்த ஒருவர், “என்ன, பெரியவருக்கும் குழந்தைப்பிள்ளைச் சோடாவோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணரும் சிரித்தார்.

சற்று நேரத்தின் பின் பார்த்தபோது அவருடைய கதிரை வெறுமையாயிருந்தது. கோப்பை தொடப்படாமல் நிலத்திலே இருந்தது. என் நெஞ்சு திடுக்கிட்டது. தேடிச் சென்றேன். கிணற்றடியிலே, இருளிலே, துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, ஏன் இங்கே நிற்கிறீர்கள்?” என்றேன்.

“பயப்படாதே, பிள்ளை. குடியாமல் இருப்பது இப்போது எனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. குடிக்கிறவர்களுக்கு நடுவிலே கையில் என்னத்தை வைத்துக்கொண்டு இருப்பது என்பதுதான் கஷ்டம்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மதுவை விட்ட மனிதரைப் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு, அவரைக் கொண்டுபோய்க் குழந்தைகளின் பந்தியிலே இருத்திவிடுகிறோம். இதுவும் ஒரு வகைத் தண்டனை அன்றோ? வளர்ந்த ஒருவர் ஒரு மணி நேரம் கையிலே வைத்துச் சிறிது சிறிதாகப் பருகத்தக்க பானம் ஒன்றை, ஒரு துளி மதுவும் இல்லாமல், என் அடுக்களையிலே ஆக்கிவிட வேண்டும் என்று உறுதி பூண்டேன்.

கொக்டெயில் என்னும் கலவைப் பானங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அவற்றுக்கெல்லாம் மூத்தது ‘பஞ்ச்’ என்பது. 1632ஆம் ஆண்டிலே எழுதப்பட்ட ஆங்கிலேயர் கடிதமொன்றிலேயே அப்பெயர் காணப்படுகிறது. ஐந்தைக் குறிக்கும் நம் நாட்டுப் ‘பஞ்ச’ என்னும் சொல்லிலிருந்தே அது பிறந்தது என்று பலர் கூறுவர். மது, புளிப்பு, இனிப்பு, நீர், வாசனைச் சரக்கு என்னும் ஐந்து பொருள் சேர்வதால் அப்பெயராம். இதை வாசித்தபோது எனக்கு நகைப்பு வந்தது. சர்க்கரை, புளி, இஞ்சியும் ஏலமும், நீர் — ஐந்திலே நான்கு எங்கள் கோயில் தண்ணீர்ப்பந்தலிலே ஊற்றும் பானக்கத்திலே இருக்கின்றனவே! ஐந்தாவதாகிய மது செய்யும் வேலையை வேறெதைக் கொண்டு செய்விப்பது என்பதுதான் என் முன் நின்ற கேள்வி.

முதன்முதலில் பானக்கத்தையே வடிகட்டி, ஐஸ் இட்டு, அண்ணரிடம் நீட்டினேன். ஒரே மூச்சிலே குடித்தார். “நல்லாயிருக்கிறது, பிள்ளை. ஆனால் முடிந்துபோயிற்று” என்றார். அந்தச் சொல்லிலே ஒரு பாடம் இருந்தது. இனிப்பும் புளிப்பும் மட்டும் உள்ளதை நாம் தாகத்துக்குக் குடித்து முடித்துவிடுகிறோம். மதுவோ தொண்டையிலே எரிகிறது. அந்த எரிவே குடிப்பவரைத் தாமதிக்கச் செய்கிறது. சாராயத்தின் எரிவும், மிளகாய், மிளகு, இஞ்சி ஆகியவற்றின் உறைப்பும் நம் நரம்புகளிலுள்ள ஒரே வகை உணர்வாயிலைத் தட்டுவதனால் உண்டாகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆகவே எரிவுக்கு இஞ்சியும் மிளகும் போதும். இனி வேண்டியவை இரண்டு: நாவைப் பிடித்து நிறுத்தும் துவர்ப்பு, அடுத்த மிடறுக்கு முன் சிறிது யோசிக்க வைக்கும் கைப்பு.

துவர்ப்புக்கு வெளியே போகத் தேவையில்லை. நம் மலைநாட்டுத் தேயிலை இருக்கிறது. கைப்புக்காக மதுச்சாலைகளிலே சில துளி ‘பிற்றர்ஸ்’ சேர்ப்பார்கள். ஆனால், பெயர்பெற்ற அங்கொஸ்டுரா பிற்றர்ஸிலே நூற்றுக்கு 44.7 பங்கு மது உண்டு. சில துளிதானே என்று பிறர் சொல்லலாம். “ஒரு துளியும் கூடாது” என்று கேட்டு வந்தவரின் வீட்டிலே அப்போத்தலுக்கு இடமில்லை. யோசித்தபோது, வடகத்துக்கென்று உலர்த்தி வைத்திருந்த வேப்பம்பூ கண்ணிலே பட்டது. அதைவிட நறுமணமுள்ள கைப்பு வேறெங்கே கிடைக்கும்?

பலமுறை தவறி, பல குவளைகளைக் கத்தரிச் செடிகளுக்கு ஊற்றியபின் கைவந்த முறையை இங்கே தருகிறேன். நூறு கிராம் பனங்கட்டி, நூறு மில்லிலீற்றர் தண்ணீர், தட்டிய இஞ்சி இருபத்தைந்து கிராம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு பத்து, ஒரு துண்டு கறுவா ஆகியவற்றைச் சிறு நெருப்பிலே பத்து நிமிடம் காய்ச்சி வடித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்திலே, இரண்டு தேக்கரண்டி தேயிலையை இருநூறு மில்லிலீற்றர் கொதிநீரிலே ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்து ஆறவையுங்கள். ஒரு சிட்டிகை வேப்பம்பூவைச் சிறிது வெந்நீரிலே ஊறவைத்து வடித்தெடுங்கள். பின்னர், அகன்ற வாயுள்ள ஜாம் போத்தல் ஒன்றிலே தேயிலைச் சாயம் நான்கு மேசைக்கரண்டி, பனங்கட்டிப் பாகு ஒன்றரை மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, வேப்பம்பூ நீர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு கல் இட்டு, ஐஸ்கட்டிகள் சேர்த்து, மூடியை இறுக்கிப் பதினைந்து விநாடி நன்றாகக் குலுக்கி வடித்து ஊற்றுங்கள். இது ஒருவருக்குரிய அளவு. தேசிக்காய்த் தோலை ஒரு சிறு துண்டு சீவி, பானத்தின்மேல் முறுக்கினால் அதன் எண்ணெய் மேலே தெறிக்கும்; அருந்துபவர் வாயருகே கொண்டுபோகுமுன்பே மணம் மூக்கை எட்டும்.

சில சிறு குறிப்புகள். பரிமாறும்போது இடும் ஐஸ், சிறு கிண்ணமொன்றிலே உறையவைத்த பெரிய கட்டியாக இருக்கட்டும். அது மெல்லவே கரையும், பானம் விரைவிலே நீர்த்துப்போகாது. பாகைக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இஞ்சியையும் சீனியையும் ஈஸ்ட் இட்டு நொதிக்கவிடும் வீட்டு ‘ஜிஞ்சர் பியர்’ முறை இத்தகையோருக்கு ஆகாது. நொதிக்கும்போது மது பிறந்தே தீரும். பனங்கட்டியும் சீனிதான் என்பதை நீரிழிவுள்ளோர் மறத்தல் கூடாது. இரவிலே உறக்கம் கெடுவோர் தேயிலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. குடியை விட்டவரிடம் முதலிலே கேட்டறியுங்கள். நான் கேளாமல், கடையிலே வாங்கிய அழகிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றிலே அந்தப் பானத்தை ஊற்றி அண்ணர் முன் வைத்தேன். அவர் முகம் மாறிற்று. “பானம் சரி, பிள்ளை. இந்தக் கிண்ணம் வேண்டாம். இது எனக்குப் பழைய ஞாபகங்களைக் கொண்டுவருகிறது” என்றார். மதுவைப்போலவே தோற்றமளிக்கும் பானம் சிலருக்கு ஆறுதலாயிருக்கலாம். வேறு சிலருக்கு அதுவே கண்ணியாகிவிடலாம். அதை அவரன்றி வேறு யார் அறிவார்?

எங்கள் தந்தையாரின் மூக்குப்பேணிகள் இரண்டு பெட்டகத்திலே இருந்தன. ஒன்று பித்தளை, மற்றது எவர்சில்வர். புளிப்புப் பித்தளைக்கு ஆகாதாகையால் எவர்சில்வர்ப் பேணியை விளக்கி எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையிலே வாங்கியதும் அண்ணருடைய முகத்திலே ஒரு மலர்ச்சி தோன்றிற்று. மூக்கின் வழியே மெல்லிய தாரையாக ஊற்றி அருந்தினார். கண்களை மூடிக்கொண்டு, “கருப்பநீர் ஞாபகம் வருகிறது” என்றார்.

எனக்கும் வந்தது. சிறு வயதிலே, விடியற்காலையிலே, வேலிக்கு அப்பால் பனையிலிருந்து இறங்கி வருபவரிடம் அண்ணர் செம்பு கொண்டு ஓடுவார். நான் பின்னே ஓடுவேன். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே சாறு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது கருப்பநீர், குழந்தையும் குடிக்கலாம். தடவாது விட்டால் அது பொழுது ஏறுமுன்பே நொதித்துக் கள்ளாகிவிடும். அந்தக் கருப்பநீரைக் காய்ச்சித்தானே பனங்கட்டியும் செய்கிறோம்! ஆகவே, அண்ணர் அதிலே கருப்பநீரைக் கண்டது வெறும் நினைவு மயக்கமும் அன்று.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே என் மகளுக்குத் திருமணம் நடந்தது. அன்று மாலை வீட்டிலே உறவினர் நிறைந்திருந்தனர். இம்முறை பாகும் சாயமும் முதல்நாளே ஆயத்தம். பெரிய தட்டிலே எல்லாருக்கும் ஒரே பானத்தையே கொண்டுவந்து வைத்தேன். கருவுற்றிருந்த மருமகள் எடுத்தாள். மருந்து குடிக்கும் மாமா எடுத்தார். இரவிலே வாகனம் ஓட்டவேண்டிய பிள்ளை எடுத்தான். விஸ்கி விரும்பியவர்களும் முதலிலே அதையே எடுத்தனர். இன்னார் குடிப்பவர், இன்னார் குடியாதவர் என்ற பிரிவு அன்று கதிரைகளுக்கிடையே தோன்றவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் சோடாவைப் பற்றிப் பகடி பண்ணியவரும் வந்திருந்தார். அண்ணருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிண்ணத்தை உயர்த்திப் பார்த்து, “தொண்டையைப் பிடிக்கிறதே! இதற்குள்ளே என்ன போட்டிருக்கிறார்கள்?” என்று வினவினார்.

அண்ணர் தம் மூக்குப்பேணியை மடியிலே வைத்துக்கொண்டு, “சுண்ணாம்பு தடவின முட்டியிலே இறக்கியது, தம்பி” என்றார். இம்முறை முதலிலே சிரித்தவர் அண்ணர்தான்.

அவரைக் காப்பாற்றியது நான் ஆக்கிய பானம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய உறுதியும் வைத்தியர்களின் கவனிப்புமே அவரைக் காத்து வருகின்றன. இன்றும் அவர் நாட்காட்டியிலே நாட்களை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நான் செய்தது மிகச் சிறிது. அன்றிரவு கடைசி விருந்தாளியை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது, அண்ணர் விறாந்தையிலே அதே கதிரையிலே இருந்தார். கிணற்றடிப் பக்கம் அவர் ஒருமுறையேனும் போகவில்லை.