மடக்கும் இடத்தில் ஒரு ஒயர்

வியாழக்கிழமையானால் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் பெங்களூரின் விவேக் நகர் திணறும். மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை. அதை நடத்துபவர் கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கத்தை மூடியபோது வேலையிழந்த தொழிலாளி ஒருவரின் மகன்.

"வைஃபை அடிக்கடி கட்டாகுது தம்பி. கார்டு மாத்தணும்னு இன்னொரு கடையில சொன்னாங்க."

"எப்போ கட்டாகுதுக்கா? எப்படி வெச்சு வேலை பார்க்கும்போது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. என் போனையும் லேப்டாப்பையும் கடை ரவுட்டரில் இணைத்து அருகருகே வைத்தார். போனில் நெட் ஓடியது, லேப்டாப்பில் அறுந்தது. ஆக, ரவுட்டர்மீது பழியில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபை கார்டை அணைத்துவிடும் அமைப்பை நீக்கிப் பார்த்தார். மாற்றமில்லை. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினார். அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். அப்போதும் அறுந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினார். அதிலும் அதே கதை.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும்க்கா. ரெண்டைச் சேர்த்து மாத்திட்டா, எதால சரியாச்சுன்னு தெரியாமலே போயிடும்."

பிறகு திரையை மெல்லப் பின்னால் சாய்த்தார். சிக்னல் மைனஸ் 48-லிருந்து மைனஸ் 78 டிபிஎம்முக்குச் சரிந்தது. 30 டெசிபல் குறைந்தால், வந்து சேரும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நிமிர்த்தினார்; ஏறியது. அதன் பிறகே அடிமூடியைக் கழற்றினார்.

22-க்கு 30 மில்லிமீட்டர் கார்டு. அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் கீல் வழியே ஏறி, திரையின் மேல்விளிம்பில் இருக்கும் ஆன்டெனாக்களுக்குப் போகின்றன. கீலில் இரண்டும் நசுங்கியிருந்தன. திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கின்றன.

எஸ்.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த புது ஒயர்களைக் கீலில் சற்றே தளர்வு விட்டுப் பதித்தார். கடுகளவு கனெக்டரைக் கார்டின் மேல் நேராக வைத்து அழுத்தினார். 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை விரலை எடுக்கவில்லை. "இது முப்பது தடவைக்குத்தான் தாங்கும். சும்மா சும்மா கழட்டக் கூடாது." அவசரப்பட்டுத் திறக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

திரையை எப்படிச் சாய்த்தாலும் சிக்னல் அசையவில்லை. கார்டு பழையதேதான். பில்லில் ஒயருக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மட்டுமே கணக்கு இருந்தது. கேட்டும் சோதித்தும் செலவான ஒரு மணி நேரம் அதில் இல்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

"கேள்வி கேட்டதுக்கெல்லாமா காசுக்கா?"

அதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றேன். எழுதினார்.