குருத்து

2019-இல் நண்பர் மாற்றலாகிப் போனபோது ஒரு தொட்டிப் பனையை என்னிடம் விட்டுப்போனார். நர்சரிகளில் பாட்டில் பாம் என்று விற்பது. அடி பருத்து, கழுத்து ஒடுங்கி, உச்சியில் நாலைந்து மட்டைகள். “இதுக்கு அதிகமா ஒண்ணும் செய்யாதீங்க” என்றார். அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். இப்படி இறந்த காலத்தில் சொல்ல நேர்ந்ததில் எனக்கும் பங்குண்டு.

இந்தப் பனைக்குச் சொந்த ஊர் மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவு. மனிதர்கள் கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் அங்கே முளைத்ததையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. ஆடுகளை 1979-இலும் முயல்களை 1986-இலும்தான் ஒழிக்க முடிந்தது. அதற்குள், தன் மண்ணில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மரம் குறைந்துபோயிற்று. உலகின் வெப்பப் பிரதேசங்களிலோ தோட்டங்களிலும் தொட்டிகளிலும் பெருகிக் கிடக்கிறது. தொட்டியைச் சிறைக்குப் படிமமாக்கும் நம் கவிஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாம் வருஷம் அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்த்தது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடியது. பெரிய தொட்டி வாங்கினேன். பழையதைக் கவிழ்த்துத் தட்டியபோது, மண் இருந்த இடம் தெரியாமல் வேர்கள் தொட்டியின் உருவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தன. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இதைச் செய்து எனக்குப் பழக்கம்: வேரைச் சீவி நட்டால் புது வேகத்தோடு துளிர்க்கும். அதே கத்தியால் அடியில் மூன்றில் ஒரு பங்கை அறுத்தேன். ஆடாமல் நிற்கட்டும் என்று பருத்த அடியில் பாதியை மண்ணுக்குள் புதைத்தேன். மஞ்சளாகிக்கொண்டிருந்த இரண்டு கீழ்மட்டைகளையும் வெட்டினேன். பார்க்க மிகக் கச்சிதமாக இருந்தது.

குருத்து விரியவேயில்லை. இரண்டு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம்.

பிறகுதான் படித்தேன். மாமரம் போன்றவற்றுக்குப் பட்டையின் கீழே வளரும் அடுக்கு ஒன்று உண்டு. காயம் மூடும், வெட்டிய இடத்தருகே கிளை வெடிக்கும். பனைக்கு அது கிடையாது. ஒற்றைத்தண்டுப் பனைக்கு உயிர் முழுவதும் உச்சியில் ஒரே முனையில். புதுவேர் தண்டின் அடியிலிருந்துதான் வரவேண்டும். அந்த இடத்தை ஆழப் புதைத்தால் மூச்சு முட்டும். அறுபட்ட வேரின் கதியும் இனத்துக்கு இனம் வேறு. புளோரிடாவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வின்படி தென்னையின் அறுபட்ட வேர்களில் சுமார் பாதி மறுபடி கிளைத்தன. சபால் பனையில் அநேகமாக ஒன்றும் பிழைக்கவில்லை. மஞ்சள் மட்டையும் செத்த பொருளல்ல. சாம்பல் சத்து போதாதபோது மரம் பழைய மட்டையிலிருந்து அதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. நான் வெட்டி எறிந்தது அதன் கையிருப்பை.

வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் புல்தான். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்த எனக்கு இது வெறும் இலக்கணத் தகவலாக இருந்தது. கத்தியை எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று பட்டதில்லை.

2018-இல் நண்பர் நாற்பது கவிதைகள் அடங்கிய நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இறுக்கம், சிக்கனம் என்று நான் கற்றிருந்த அளவுகோல்களோடு உட்கார்ந்தேன். தளர்ந்த வரிகளை அடித்தேன். சொன்னதையே திரும்பச் சொல்லும் கடைசிப் பத்திகளை நீக்கினேன். பத்தொன்பது மிஞ்சின. குறை சொல்ல முடியாத பத்தொன்பது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், நன்றியும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தத் தளர்ந்த வரிகளிலிருந்துதான் அடுத்த கவிதைக்குச் சத்து போய்க்கொண்டிருந்ததோ என்னவோ. விமர்சகன் கத்தியைத் தூர எறிய வேண்டும் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. முன்னால் இருப்பது செம்பருத்தியா பனையா என்று பார்க்காமல் எடுத்தேன் என்பதுதான் என் குற்றம்.

வேறொரு பனை வாங்கி, இந்தக் கோடையில் மண் சூடாக இருக்கும்போது தொட்டி மாற்றினேன். வேரைத் தொடவில்லை. ஒரே அளவு பெரிய தொட்டி, பழைய ஆழம், மணல் கூடுதலாகச் சேர்த்த செம்மண். குருத்து நிமிர்ந்து நிற்கிறது, இன்னும் விரியவில்லை.

நண்பர் போனில் எப்போது கேட்டாலும் பனை நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். சென்ற வாரம் உண்மையைச் சொன்னேன், வேரை அறுத்ததிலிருந்து. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தப் பழைய நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?” என்றார்.

இருந்தது. அடித்த வரிகள் படிக்கிற மாதிரிதான் இருக்கின்றன. மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன்.