இருபதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

செல்போன் திரையில் பேத்தி முகம் அம்மாவுக்குப் பிடிபடுவதில்லை. பட்டா, சிட்டா எடுக்க நானும் எங்கள் ஊர் மாகறலிலிருந்து பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு சின்ன லேப்டாப் வாங்கிவிடலாம். இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது.

அக்கா மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம். எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான்; அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. தூசி தட்டிப் போட்டேன், உயிர் வந்தது. ராம் 2 ஜிபிதான். குரோமைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னுகிறது, பக்கம் மட்டும் வந்தபாடில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. பேங்க் கணக்கை இதில் திறக்க மனசு வரவில்லை.

நவம்பர் 5, புதன்

காஞ்சிபுரத்தில் ஒரு கடை. 11.6 அங்குலத் திரை, கைக்கு அடக்கமான புது மெஷின். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. விலை மடியில் இருந்த பணத்துக்குள் அடங்கியது. ஆனால் விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் கேட்பதே இந்த 4-ம் 64-ம்தான். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் உட்கார்ந்தபின் நம் போட்டோவுக்கு இடம் ஏது? இஎம்எம்சியை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கழற்றி மாற்றவும் வழியில்லை.

2023-ல் ரூ.16,499-க்கு வந்த ஜியோபுக்கும் இதே 4, 64 கணக்குதான். ஒரு கிலோகூட இல்லை, சிம் போட்டுக்கொள்ளலாம். பிராட்பேண்ட் எட்டாத ஊருக்கு அது நல்ல வசதி. ஆனால் அதில் விண்டோஸ் இல்லை.

நவம்பர் 8, சனி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். ஆபீஸ்களில் ஓடி, பழுது பார்த்து வந்த லேப்டாப்கள் அடுக்கடுக்காக இருந்தன. விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் போன மாதம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் மலிவாகச் சொன்ன ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களை விட்டு நகர்ந்தேன்.

டெல் லேட்டிட்யூட் 7290 ஒன்று கண்ணில் பட்டது. 12.5 அங்குலம், எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி. “பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்க தம்பி” என்றேன். புதிதில் இருந்த கொள்ளளவில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்தேன், கேமராவில் என் முகத்தைப் பார்த்தேன், போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு வீடியோவும் ஓட்டினேன். பேரம் பேசி பதினெட்டாயிரத்துக்குப் படிந்தது. பில்லில் வாரண்டியை எழுதி வாங்கினேன்.

வீட்டு இன்டர்நெட்டுக்கு லேப்டாப் தேடுகிறவர்கள் கம்பெனிப் பெயரைக் கேட்கும் முன் ராம் 8 ஜிபியா, உள்ளே எஸ்எஸ்டியா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் புதுசே ஆனாலும் வாங்காதீர்கள்.