ஞானப்பல்லும் என் வீராப்பும்

போன வாரம் கீழ்த்தாடை ஞானப்பல்லை எலும்பைச் சீவி எடுத்தாங்க. "மரமரப்பு போறதுக்கு முன்னாடியே, சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டுடுங்க. வந்த வலியை விரட்டறதைவிட வராம தடுக்கறது சுலபம்"னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னார். வலியே இல்லையே, எதுக்கு மாத்திரைன்னு நான் வீராப்பா இருந்துட்டேன்.

லிக்னோகைன் ஊசி மூணு மணி நேரம்தான் தாங்குச்சு. அப்புறம் ஐபுப்ரொஃபென் 400 முழுங்கினேன். அது கேக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. அந்த ஒரு மணி நேரம்... வேணாம், விடுங்க.

அம்மாதான் பக்கத்துல உக்காந்து கன்னத்துல ஐஸ் ஒத்தடம் கொடுத்தாங்க. பத்து வருஷ மூட்டுவலி அவங்களுக்கு. கேட்டா "பழகிப்போச்சுப்பா"ம்பாங்க. நானும் அதைப் பொறுமைன்னே நினைச்சுட்டு இருந்தேன்.

தையல் பிரிக்கப் போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். அவங்க மூட்டை டாக்டர்கிட்ட காட்டணும்.