இருபத்தெட்டாவது 'அ'

காலை ஐந்து மணிக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. இன்றைய 1.5 ஜிபியில் பாதி தீர்ந்துவிட்டதாம். நான் அப்போதுதான் எழுந்து, பால் வாங்கப் போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் விழித்திருக்கவில்லை.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டுப் போய் நாலு நாளாகியிருந்தது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்துத்தான் வீடே ஓடியது. பத்து மணிக்கு மிச்சமும் காலி. "அப்பா, நெட் வரல" என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "ராத்திரியெல்லாம் என்னத்தைங்க பார்த்தீங்க?" என்றாள் மனைவி. நான் எதையும் பார்க்கவில்லை என்பதை அவள் நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

கணினியை இரவில் நான் அணைப்பதில்லை. ஸ்கேன் செய்த பழைய பக்கங்களை எழுத்துணரி மென்பொருளுக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். விடியும்வரை அது மென்றுகொண்டிருக்கும். அதற்கு இணையமே வேண்டாம். ஆனால் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து உட்கார்ந்தால், வேறொரு நிரல் கால் மணிக்கு ஒருமுறை விழித்து, 38 எம்பியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப்போனது. மணிக்கு 152 எம்பி. நள்ளிரவில் புதுக் கணக்கு தொடங்கி ஐந்து மணி வரை 760. கணக்கு உதைக்கவில்லை.

அது கோப்புகளை மேகத்தில் சேமித்துவைக்கிற ஒரு நிரல். பெயர் வேண்டாம். ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். திரையின் மூலையில் அதன் சின்னத்தின் மேல் பச்சை டிக் இருந்தது. எல்லாக் கோப்புகளும் பத்திரம் என்று பொருள். எல்லாம் பத்திரமென்றால் கால் மணிக்கு ஒருமுறை எதை அள்ளிக்கொண்டு ஓடுகிறது?

முதலில் வயர்ஷார்க்கை நிறுவினேன். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் எதீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள். வேலை மாறியபோது பழைய பெயரின் உரிமை கூடவராததால் 2006-இல் இந்தப் பெயர் வந்தது. கணினிக்குள் வந்துபோகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அது வரிசையாகக் காட்டும். எனக்கும் காட்டியது. எந்தச் சேவையகத்தோடு பேச்சு என்பது தெரிந்தது, ஏனென்றால் இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில் அந்தப் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகத்தான் போகிறது. அதற்குப் பிறகு வந்தது எல்லாம் குப்பை. கவரின் மேலுள்ள முகவரியை வாசிக்கலாம், உள்ளே இருக்கும் தாளை வாசிக்க முடியாது. இந்தக் கவரை ஒட்டும் முறையின் பெயர் டிஎல்எஸ். 2018 ஆகஸ்டில் வெளியான அதன் 1.3 பதிப்பு இன்னும் கறார்: சேவையகம் தான் யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைக்கூட மறைத்துத்தான் அனுப்புகிறது. நெட்வொர்க் வேலையில் இருக்கும் சென்னைத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"சேவையகத்தோட சாவி கிடைச்சா பழைய முறையில பிரிச்சுப் பார்த்திருக்கலாம்ணே. இப்ப அதுவும் செல்லாது. ஒவ்வொரு பேச்சுக்கும் அப்பப்ப ஒரு சாவி செஞ்சு, பேசி முடிச்சதும் தூக்கிப் போட்டுடுறாங்க."

"அந்தச் சாவி என் கணினியிலதானேப்பா இருக்கு?"

"இருக்கு. அந்த நிரல் மனசு வச்சா உங்களுக்குக் கொடுக்கும்."

மனது வைக்கிற நிரல்கள் உண்டு. எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்று ஒரு சூழல் மாறியை வைத்து, அதில் ஒரு கோப்பின் இடத்தைச் சொல்லிவிட்டால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தங்கள் சாவிகளை அந்தக் கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அதை வயர்ஷார்க்குக்குக் காட்டினால் குப்பை எழுத்தாகிவிடும். முயன்று பார்த்தேன். உலாவியின் பேச்சு அப்படியே விரிந்தது. சேமிப்பு நிரல் ஒரு வரிகூட எழுதவில்லை.

மீதமிருந்த வழி ஆள்மாறாட்டம்தான். அதற்கு மிட்ம்ப்ராக்ஸி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆல்டோ கோர்டேசி 2010-இல் தொடங்கியது; காசு இல்லை. நடுவில் நிற்பவன் என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் அதன் பெயரின் முன்பாதி. நிரல் சேவையகத்தைக் கூப்பிடும்போது இது குறுக்கே நின்று, நான்தான் அந்தச் சேவையகம் என்கிறது. அந்தப் பெயரிலேயே அந்த நிமிடமே ஒரு சான்றிதழைத் தயார்செய்து நீட்டுகிறது. மறுபக்கம் உண்மையான சேவையகத்திடம் போய், நான்தான் அந்த நிரல் என்கிறது. கவரைப் பிரித்துக் கடிதத்தைப் படித்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிற ஆள். இப்படி ஒருவன் நடுவே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் டிஎல்எஸ்ஸின் சான்றிதழ் ஏற்பாடே இருக்கிறது. என் கடிதத்தை நான் படிக்க அந்த ஆளாகவே நான் மாறவேண்டியிருந்தது.

அவன் நீட்டுகிற சான்றிதழை நிரல் எதை வைத்து நம்பும்? கணினிக்குள் வேர்ச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள யாராவது கையெழுத்திட்டிருந்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் அந்தப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே உருட்டிப் பாருங்கள்: நூற்றுக்கு மேல் இருக்கும், பலவற்றின் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். இவர்களில் ஒருவர் கை தவறினாலும் விபரீதம்தான். 2014 ஜூலையில் நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் அதிகாரத்திலிருந்து கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது தெரியவந்தது. அந்த மையத்துக்கு மேலிருந்த இந்தியச் சான்றிதழ்க் கட்டுப்பாட்டாளரின் வேர் விண்டோஸ் பட்டியலில் இருந்தது, ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலில் இல்லை. ஒரே ஊரில் ஒருவர் கையெழுத்து ஒரு கடையில் செல்லும், அடுத்த கடையில் செல்லாது என்கிற மாதிரி.

அந்தப் பட்டியலில் என்னையும் நானே சேர்த்துக்கொள்ளவேண்டும். கை கொஞ்சம் தயங்கியது. 2015 பிப்ரவரியில் நடந்த லெனோவோ விவகாரம் நினைவில் இருந்தது. பக்கங்களில் விளம்பரம் செருகுவதற்காக சூப்பர்ஃபிஷ் என்ற நிரலை அவர்களுடைய மடிக்கணினிகள் பலவற்றில் முன்கூட்டியே ஏற்றியிருந்தார்கள். இதே நடுவாள் வேலைதான். கொடுமை என்னவென்றால் எல்லாக் கணினியிலும் ஒரே வேர், ஒரே அந்தரங்கச் சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அந்தச் சாவிக்கான கடவுச்சொல்லை எடுத்துவிட்டார். இடைமறிக்கும் பகுதியைத் தயாரித்த கோமோடியா நிறுவனத்தின் பெயரேதான் கடவுச்சொல்! மிட்ம்ப்ராக்ஸி முதல்முறை ஓடும்போது அந்தக் கணினிக்கென்று தனியாக ஒரு வேரை உருவாக்கிக்கொள்கிறது. அந்த ஒரு காரணத்தால்தான் துணிந்தேன். அதோடு, சேமிப்பு நிரலின் பேச்சை மட்டும் திருப்பிவிடச் சொல்லியிருந்தேன். இதே கணினியில்தான் மனைவி வங்கிக் கணக்குப் பார்க்கிறாள். கணினி என்னுடையது என்பதால் அவள் கடவுச்சொல்லும் என்னுடையதாகிவிடாது.

சேர்த்தேன். விண்டோஸ் ஒரு நீண்ட எச்சரிக்கை கொடுத்தது, ஆம் என்றேன். கால் மணி கழித்து நிரல் விழித்தது, சான்றிதழைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இங்கே அரை நாள் போயிற்று. சில நிரல்கள் கணினியின் பட்டியலை மதிக்காமல், தமக்குத் தெரிந்த சான்றிதழை மட்டுமே ஏற்கும். பாதுகாப்புக்காக என்கிறார்கள், திருடனைத் தடுக்கும் என்பது உண்மை. கணினியின் சொந்தக்காரனையும் சேர்த்துத் தடுக்கிறது என்பதும் உண்மை. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்க்க எனக்கு உரிமை உண்டு, அந்த உரிமையை ஒரு நிரல் மறுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நம் கதையில் குற்றவாளி அது இல்லை. நான் வேரை என் பயனர் கணக்கில் சேர்த்திருந்தேன். நிரலோ பின்னணிச் சேவையாக, கணினியின் கணக்கில் ஓடுகிறது. தம்பிதான் கண்டுபிடித்தான். "மெஷின் கணக்குல போடுங்கண்ணே." போட்டேன். கவர் பிரிந்தது.

2012 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த அருண் தம்பி என்ற நிரலாளர் இதே மிட்ம்ப்ராக்ஸியை வைத்து, பாத் என்ற செயலி எப்படிப் பேசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது பயனரின் முகவரிப் புத்தகம் முழுவதையும், பெயரும் எண்ணும் மின்னஞ்சலுமாக, கேட்காமலே தன் சேவையகத்துக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டார். அவர் எழுதியதும் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. அப்படி ஏதாவது என் திரையிலும் வரும் என்ற எதிர்பார்ப்பு, உண்மையைச் சொன்னால் ஒரு ஆசையே, எனக்கு இருந்தது.

வந்தது ஒரே ஒரு கோரிக்கை, 38 எம்பி. பதில்: 500. சேவையகத்துக்குள் ஏதோ கோளாறு என்பதற்கான எண். கால் மணி கழித்து அதே கோரிக்கை, அதே 38 எம்பி, அதே 500. ஒரே கோப்பைத் தூக்கிக்கொண்டு போய், கதவில் அடி வாங்கி, திரும்பி வந்து, மறுபடி தூக்கிக்கொண்டு போகிறது.

எந்தக் கோப்பு? பூட்டைத் திறந்த பிறகும் பெயர் புரியவில்லை. சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நாலு வரி ஓடியது. ஆனால் ஒவ்வொரு மூன்றாவது சதவீதக் குறிக்கும் ஒரு தாளம் இருந்தது: ஈ0, ஏஈ. ஈ0, ஏஎஃப். தமிழ்க் கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு; முதல் பைட்டு எப்போதும் ஈ0. பெயரை மாற்றி எடுத்தேன்.

'அப்பாவின் நெல் கணக்கு நோட்டு 1987 முதல் 1994 வரை.'

அப்பா போன பிறகு பெட்டியிலிருந்து எடுத்து நான் ஸ்கேன் செய்த நோட்டு. அதுதான் மேகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மற்றதெல்லாம் போயிருந்தது.

பெயர்தான் காரணமா என்று பார்க்க ஒரு வெற்றுக் கோப்பை எடுத்தேன். ஆங்கிலத்தில் நூறு எழுத்துப் பெயர் வைத்தேன், 200 என்று பதில் வந்தது. ஏற்றுக்கொண்டதற்கான எண் அது. பிறகு 'அ'வை வரிசையாக அடுக்கினேன். பத்து 'அ' போயிற்று. ஐம்பது போகவில்லை. முப்பது போகவில்லை. இருபது போயிற்று. இருபத்தேழு போயிற்று. இருபத்தெட்டாவது 'அ'வைச் சேர்த்ததும் 500.

தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முகவரிக்குள் போகும்போது ஒரு 'அ' என்பது %ஈ0%ஏஈ%85, ஒன்பது எழுத்து. இருபத்தேழு 'அ' 243. புள்ளியோடு பிடிஎஃப் பின்னொட்டு நாலு, ஆக 247. இருபத்தெட்டு என்றால் 252, நாலைக் கூட்டினால் 256. யூனிக்ஸ் வழி வந்த பெரும்பாலான கோப்பு முறைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஒன்று கூடுதல். அந்தச் சேவையகத்தில் யாரோ பெயரைத் திரும்பத் தமிழாக்காமல், சதவீதக் குறிகளோடு அப்படியே சேமிக்கிறார்கள் என்பது என் ஊகம். கண்ணுக்கு 'அப்பாவின்' ஐந்து எழுத்து. புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் கணினிக்கு ஒன்பது, சேவையகத்துக்கு 81. அப்பாவின் நோட்டுப் பெயர் மொத்தம் 330.

இத்தனையையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். நிரலை அண்மைப் பதிப்புக்குப் புதுப்பிக்கும்படி பதில் வந்தது. நான் வைத்திருந்தது அண்மைப் பதிப்புதான்.

கோப்பின் பெயரை 'அப்பா நெல் நோட்டு' என்று சுருக்கினேன். 145. கால் மணி காத்திருந்தேன். 38 எம்பி போயிற்று, 200 வந்தது, அதன்பின் திரையில் எதுவும் வரவில்லை. வேர்ச் சான்றிதழை நீக்கினேன். சேர்த்தபோது கேட்டதைப் போலவே நீக்கும்போதும் விண்டோஸ் கேட்டது. மூலையில் இருந்த பச்சை டிக்கைப் பார்த்தேன். நேற்று இருந்த அதே பச்சை.