கும்மிடிப்பூண்டியில் இரண்டு உலைகள்

கும்மிடிப்பூண்டிக்கு உல்லாசப் பிரயாணம் போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அருவியும் கோயிலும் மலையும் நிறைந்த தமிழ்நாட்டில், இரும்பு உருக்குகிற ஊரைப் பார்க்க ரயிலேறுகிறவனைக் கண்டால் சிரிப்பு வருவது நியாயந்தான். ஆனால் அங்கே ஒரு ரசாயனப் பரிசோதனைச் சாலையில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன், "ஒரு தடவை வாருங்கள், மாமா! இருட்டை எழுத்தாக வைத்துப் படிக்கிற வித்தையைக் காட்டுகிறேன்" என்று கூப்பிட்டிருந்தான். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் சுமார் ஒன்றரை மணிப் பிரயாணம். திருவொற்றியூர் வரையில் நெருக்கமான வீடுகள், எண்ணூரில் உப்பங்கழியும் உயர்ந்த புகைபோக்கிகளும், பொன்னேரியில் வயல்கள். திருவள்ளூர் ஜில்லாவின் இந்தக் கோடியில் வயலும் ஆலையும் அண்டை வீட்டுக்காரர்கள். ஒரு புறத்தில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. மறுபுறத்தில் பழைய இரும்பை ஏற்றிய லாரி வரிசையில் நிற்கிறது.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலைக்கு மருமகன் என்னை அழைத்துச் சென்றான். உடைந்த கம்பி, ஓட்டைத் தகரம், பழைய இயந்திரங்களின் எலும்புகள் எல்லாவற்றையும் உலையில் கொட்டி மின்சாரத்தால் உருக்குகிறார்கள். தூரத்தில் நின்றபோதே முகத்தில் அனல் அடித்தது. அவன் சட்டைப் பையிலிருந்து விரல் நீளமுள்ள ஒரு குழலை எடுத்துக் கொடுத்தான். உள்ளே முப்பட்டைக் கண்ணாடிகள் இருந்தன. அதன் வழியே உருகிய இரும்பின் ஒளியைப் பார்த்தேன். சிவப்பு மிகுந்தும் ஊதா மங்கியும், இடையில் எங்கும் அறுபடாத வர்ணப் பட்டை தெரிந்தது.

வெளியே வந்ததும், "இப்போது வானத்தைப் பாருங்கள், மாமா. சூரியனை நேரே பார்த்துவிடாதீர்கள்" என்றான். அதே குழல், அதே வர்ணப் பட்டை. ஆனால் அதன் குறுக்கே மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள்! யாரோ மெல்லிய பேனாவினால் கீறிவிட்டாற்போல் இருந்தது.

இக்கோடுகளை 1802-இல் இங்கிலாந்தில் வோலாஸ்டன் கண்டார். 1814-இல் ஜெர்மனியில் கண்ணாடி வேலையில் நிபுணரான பிராவன்ஹோபர் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கோடுகளை எண்ணிப் படமும் வரைந்து வைத்தார். அவை என்ன என்பது 1859-இல் கிர்க்காப் சொல்லும் வரையில் விளங்கவில்லை. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அந்த இரகசியத்தில் பாதி எப்போதும் தெரியும். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாக மாறுகிறதல்லவா? உப்பிலுள்ள சோடியம் கொடுக்கும் நிறம் அது. கிர்க்காப் கண்டது மற்றப் பாதி: சோடியம் ஆவியின் ஊடே பிரகாசமான வெள்ளொளியைச் செலுத்தினால், அதே மஞ்சளை அது விழுங்கிவிடும், பட்டையில் அந்த இடம் கறுத்துப்போகும். எதைக் கொடுக்குமோ அதையே கொள்ளும். சூரியனைச் சூழ்ந்த ஆவிகள் இப்படி விழுங்கிய இடங்களே பெரும்பாலான கோடுகள்.

ஏன் குறித்த நிறத்தை மட்டும் விழுங்க வேண்டும்? அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் நிற்பதற்குப் படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து மேற்படிக்கு ஏறச் சரியான அளவு சக்தி வேண்டும். குறைந்தாலும் உதவாது, கூடினாலும் உதவாது. சில்லறை சரியாக இருந்தால்தான் டிக்கெட் கொடுக்கும் பஸ் கண்டக்டரைப் போல! படிகளின் உயரம் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் வேறு வேறு. ஆகையால் அது விழுங்கும் நிறமே அதன் கையெழுத்து. இலையிலும் சாயத்திலும் அணுக்கள் கட்டுண்டு கிடப்பதால், மெல்லிய கோடுகளுக்குப் பதில் அகன்ற பட்டைகளாக ஒளி விழுங்கப்படுகிறது. இலை சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உண்டு பச்சையை மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் அதன் நிறம் என்கிறோம்.

இந்தக் கையெழுத்தைப் படித்ததில் நமக்கும் பங்குண்டு. கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தில் 1909-இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஒளியில் கோடுகள் சற்று இடம் பெயர்ந்திருப்பதைக் கொண்டு, அங்கே வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை அறிந்தார். 1920-இல் நம் மேகநாத ஸாஹா, வெப்பத்துக்கும் இக்கோடுகளுக்கும் உள்ள கணக்கை வகுத்து, நட்சத்திரங்களின் சூட்டை அவற்றிலிருந்து படிக்க வழி செய்தார்.

"நட்சத்திரம் இருக்கட்டும், அப்பா. உனக்கு இதனால் என்ன வேலை?" என்று கேட்டேன்.

"வாருங்கள், இரண்டாவது உலையைக் காட்டுகிறேன்" என்று பரிசோதனைச் சாலைக்குள் அழைத்துப்போனான்.

அங்கே அடுத்த கிராமத்துப் பெண் ஒருத்தி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய புட்டியுடன் காத்திருந்தாள். "கண்ணாடி மாதிரிதான் இருக்குது, ஐயா. ஆனா ஊரிலே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பிள்ளைக்குக் குடுக்கலாமா, கூடாதா?" என்றாள்.

அவளுடைய பயம் ஈயத்தைப் பற்றியது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம் அல்ல இது, காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு! கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

1952-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலை செய்துகொண்டிருந்தார். 'அணு கொடுக்கும் ஒளியையே அளந்துகொண்டிருக்கிறோமே, அது எடுத்துக்கொள்ளும் ஒளியை ஏன் அளக்கக் கூடாது?' என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததே இந்த இயந்திரம். ஈயத்தையே உள்ளே வைத்துச் செய்த விளக்கு ஒன்று, ஈயத்துக்கே உரிய ஒளியை வீசுகிறது. 283.3 நானோமீட்டர் அலையுள்ள அந்த ஒளி நம் கண்ணுக்குப் புலப்படாதது. அது செல்லும் வழியில், பென்சில் முனைக் கரியாலான ஒரு சிறு குழாய். ஒரு துளிக்கும் குறைந்த நீரை அதில் இட்டு, உலர்த்தி, ஆர்கான் வாயுவின் நடுவே பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதுதான் இரண்டாவது உலை. விரலளவுதான், ஆனால் சூட்டில் அந்தப் பேருலைக்குக் குறைந்ததல்ல. நீரில் ஈயம் இருந்தால் ஆவியாகி விளக்கொளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவு ஈயம்.

முதலில் அளவு தெரிந்த ஈய நீரை இட்டான். ஒளி சட்டென்று குறைந்ததைத் திரை காட்டியது. பிறகு அவளுடைய நீர். கோடு ஏறக்குறைய அசையவே இல்லை.

"வெளிச்சம் குறையலியே! மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, அளவு தெரிந்த நீரை மறுபடியும் இட்டுக் காட்டினான். ஒளி முன்போலவே குறைந்தது. "இயந்திரம் சரியாக இருக்கிறது, அம்மா. உங்கள் தண்ணீரில் ஈயம் வரம்புக்குள்தான். ஆனால் இது இந்தப் புட்டிக்கு, இன்றைக்கு, ஈயத்துக்கு மட்டும் பதில். மற்ற உலோகங்களுக்குத் தனித்தனி விளக்கு உண்டு. மழைக்குப் பிறகும் ஒரு தடவை கொண்டுவாருங்கள்."

அவள் சற்று யோசித்தாள். "அப்படின்னா மத்த விளக்கையும் ஏத்திப் பாருங்க, ஐயா" என்று சொல்லிப் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் ரயிலுக்காக ஸ்டேஷனில் நின்றபோது மாலையாகிவிட்டது. மேற்கு வானத்தின் வெளிச்சத்தைக் குழலால் பார்த்தேன். சிவப்பின் கோடியில் இருக்கும் சில கோடுகள் சூரியனுடையவை அல்ல, நம் காற்றிலுள்ள பிராணவாயு விழுங்கியவை என்று மருமகன் சொல்லியிருந்தான். ஒளி எந்தக் காற்றின் வழியே வந்ததோ, அந்தக் காற்றும் அதில் கையெழுத்து இட்டுவிடுகிறது. தண்ணீரும் இடுகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புட்டியைத் தூக்கிக்கொண்டு போய், "எல்லா விளக்கையும் ஏற்று" என்று கேட்கிறவர்கள்தாம் இன்னும் அதிகம் பேர் வேண்டும்.